முற்றிய புற்றுநோய் உள்ளவரைக் கவனிப்பவருக்குத் துணை நிற்பது எப்படி? புதிய குடும்ப மருத்துவர்களுக்கு

முற்றிய புற்றுநோய் உள்ளவர் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. ஃபைலைச் சுமந்துகொண்டு கூடவே ஒருவர் வருவார். எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, எப்போது வாந்தி எடுத்தார், மலம் கழித்து எத்தனை நாளாகிறது என எல்லாவற்றுக்கும் பதில் அவரிடம்தான் இருக்கும். அவர் தூங்கினாரா என்று மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவரும் சொல்ல மாட்டார். உயிருக்குப் போராடுபவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தன் முதுகுவலியைப் பற்றிப் பேச அவருக்குக் கூச்சமாக இருக்கும். அவர் வாய் திறக்கட்டும் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும். விசாரிக்கும் பொறுப்பு மருத்துவருடையது.

புற்றுநோய் நிபுணர் கட்டியைப் பார்ப்பார், ஸ்கேனைப் பார்ப்பார், அடுத்த கீமோவைத் தீர்மானிப்பார். அந்த வீட்டில் இருப்பவர்கள் எல்லோரையும் ஏற்கெனவே தெரிந்தவர் குடும்ப மருத்துவர்தான். நோயாளி இறந்த பிறகும் அந்தக் குடும்பத்தோடு தொடர்பில் இருக்கப்போகிறவரும் அவர்தான். 1999-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, உடல் முடியாத கணவனையோ மனைவியையோ பார்த்துக்கொண்ட முதியவர்களை நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்தது. பராமரிப்புச் சுமையால் அவதிப்பட்டவர்களிடம் இறப்பு அபாயம், அந்தப் பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகமாக இருந்தது. அது புற்றுநோய்க்கு மட்டுமான ஆய்வு அல்ல. ஆனாலும் பராமரிப்பவரின் உடல்நலம் நம் வேலைக்கு வெளியே உள்ள விஷயம் அல்ல என்பதற்கு அது போதும்.

யார் பார்த்துக்கொள்கிறார் என்று கண்டுபிடியுங்கள்

கிளினிக்குக்கு வருபவர்தான் பராமரிப்பவர் என்று எண்ணிவிட வேண்டாம். வண்டி ஓட்டத் தெரிந்த மகன் அழைத்துவருவார். வீட்டில் எல்லாவற்றையும் செய்வது மருமகளாக இருக்கலாம். "ராத்திரியில் யார் எழுந்து பார்க்கிறீர்கள்?" என்று கேளுங்கள். உண்மையான பராமரிப்பவர் யார் என்பது இந்த ஒரு கேள்வியில் தெரிந்துவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் யாராவது அந்தப் பொறுப்பில் இருக்கிறார்களா என்றும் சேர்த்துக் கேளுங்கள். பிள்ளைகள் மருந்து எடுத்துக் கொடுப்பதும் இரவில் காவல் இருப்பதும் பெரியவர்கள் நினைப்பதைவிட அதிகம்.

கண்டுபிடித்ததும் மூன்று வேலைகள். நோயாளியின் ஃபைலின் முதல் பக்கத்தில் பராமரிப்பவரின் பெயர், உறவு, தொலைபேசி எண்ணை எழுதுங்கள். பராமரிப்பவருக்கென்று அவர் பெயரிலேயே தனி ஃபைல் திறங்கள்; நோய்க் குறியீடு போடும் இடமாக இருந்தால், வீட்டில் பராமரிப்பு தேவைப்படும் உறவினர் இருப்பதைக் குறிக்க, உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாடான ஐசிடி-10 பட்டியலில் இசட்63.6 என்ற குறியீடே இருக்கிறது. மூன்றாவதாக, தன் நோய் பற்றிய எந்தத் தகவலை யாரிடம் சொல்லலாம் என்று நோயாளியிடம் கேட்டு, அவர் சொன்னதை எழுதி வையுங்கள். இது இல்லாமல் தொடங்கினால், பிறகு நெருக்கடி நேரத்தில் தொலைபேசியில் அழைக்கும் மகளிடம் என்ன பேசலாம், என்ன பேசக்கூடாது என்று தடுமாறுவீர்கள். பராமரிப்பவர் தன்னைப் பற்றிச் சொல்வது எதையும் நோயாளியின் ஃபைலில் எழுதக் கூடாது. அதை நோயாளியோ மற்ற உறவினரோ ஒரு நாள் படிக்க நேரலாம்.

தனியாக இருபது நிமிடம்

நோயாளியை எதிரில் வைத்துக்கொண்டு பராமரிப்பவரிடம் கேட்கும் கேள்விக்கு ஒரே பதில்தான் வரும்: "எனக்கு ஒண்ணுமில்லை டாக்டர், இவரைப் பாருங்க." ஆகவே அவருக்கென்று தனி நேரம் குறியுங்கள். வர மறுத்தால், "உங்க பிரஷரையும் சுகரையும் ஒருதடவை பார்த்துடலாம், நீங்க படுத்துட்டா இவரைப் பார்க்க ஆள் இல்லையே" என்று சொன்னால் பெரும்பாலும் வந்துவிடுவார்கள்.

"எப்படி இருக்கீங்க?" என்று தொடங்கினால் பயன் இல்லை. நாள், மணி, எண்ணிக்கை கேட்கும் கேள்விகள்தான் உண்மையை வெளியே கொண்டுவரும்:

- நேற்று ராத்திரி எத்தனை தடவை எழுந்தீர்கள்?
- உங்களுடைய மாத்திரைகளைக் கடைசியாக எப்போது வாங்கினீர்கள்?
- உங்களுக்காக மட்டும் வெளியே போய் எத்தனை நாளாகிறது?
- அவருக்குச் செய்யும் வேலைகளில் எதைச் செய்யப் பயமாக இருக்கிறது?
- நாளைக்கு உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள்?

நான்காவது கேள்விக்கு வரும் பதிலை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கற்றுக்கொடுக்க வேண்டியவற்றின் பட்டியல் அதுதான்.

சுமையை அளவிட ஸாரிட் வினாத்தாள் உதவும். முழு வடிவத்தில் 22 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 88. நெரிசலான கிளினிக்குக்கு 12 கேள்விகளும் 4 கேள்விகளும் கொண்ட சுருக்க வடிவங்கள் உள்ளன. மனச்சோர்வைக் கண்டறிய பிஎச்கியூ-2 என்ற வினாத்தாள்: இரண்டே கேள்வி, 6-க்கு 3 அல்லது அதற்கு மேல் வந்தால் ஒன்பது கேள்வி கொண்ட பிஎச்கியூ-9-க்குப் போங்கள். மதிப்பெண்ணை ஒருமுறை எடுத்துவிட்டு மறந்துவிடுவதில் அர்த்தமில்லை. நோயாளியின் நிலை மாறும் ஒவ்வொரு கட்டத்திலும் திரும்ப எடுத்தால்தான் சுமை ஏறுகிறதா என்று தெரியும்.

கேட்கத் தயங்கும் இரண்டு விஷயங்களையும் கேட்டாக வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்ததா? களைப்பில் கோபம் மீறி நோயாளியிடம் கத்தியதோ, முரட்டுத்தனமாக நடந்ததோ உண்டா? இரண்டாவது கேள்வியைக் குற்றம்சாட்டும் குரலில் கேட்காதீர்கள். "ரொம்ப நாள் தூங்காம இருந்தா யாருக்கும் பொறுமை போயிடும், உங்களுக்கு அப்படி ஆகியிருக்கா?" என்று கேட்டால் அழுதுகொண்டே சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொன்னால் உடனடியாக ஓய்வுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும், அன்றைக்கே.

பிறகு உடல் பரிசோதனை: எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை, முதுகு, முழங்கால், மணிக்கட்டு. மது, புகை கூடியிருக்கிறதா என்று கேளுங்கள். தள்ளிப்போட்ட பரிசோதனைகளுக்குத் தேதி குறியுங்கள். தூக்க மாத்திரை விஷயத்தில் மட்டும் அவசரப்பட வேண்டாம். இரவில் எழுந்து மருந்து அளந்து கொடுக்க வேண்டியவர் அதை விழுங்கினால், எழுந்திருக்க மாட்டார் அல்லது அரைத்தூக்கத்தில் தப்பாக அளந்து கொடுப்பார். முதலில் நோயாளியின் இரவு வலியைச் சரிசெய்யுங்கள். பராமரிப்பவரின் தூக்கமின்மை பல வீடுகளில் அதிலேயே பாதி தீர்ந்துவிடும்.

மருந்து: அதிகமாகத் தவறு நடக்கும் இடம்

வலி குறையாததற்குப் பல நேரம் காரணம் மருந்தின் போதாமை அல்ல, அது கொடுக்கப்படாததுதான். பராமரிப்பவர்களுக்கு மார்ஃபின் என்றாலே அச்சம்: பழக்கமாகிவிடும், சீக்கிரம் இறந்துவிடுவார், இப்போதே கொடுத்துவிட்டால் கடைசியில் வேலை செய்யாது. இந்த மூன்றையும் அவர்கள் கேட்பதற்கு முன்பே நீங்கள் எடுத்துப் பேசுங்கள். வலிக்கு ஏற்ற அளவில், படிப்படியாகக் கூட்டிக் கொடுக்கும் மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை. வலிக்காக முறையாகக் கொடுக்கும்போது போதைக்கு அடிமையாவது அரிது. வலி கூடினால் அளவைக் கூட்ட இடம் இருக்கிறது.

கணக்கையும் எழுதிக் கொடுங்கள். உடனடியாக வேலை செய்யும் மார்ஃபின் 10 மி.கி. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால், ஒரு நாளைக்கு 60 மி.கி. இடையில் வலி கிளம்பினால் கொடுக்கும் கூடுதல் டோஸ், நாள் மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 10 மி.கி. கூடுதல் டோஸ் கொடுத்தாலும் அடுத்த வழக்கமான டோஸை நிறுத்தக் கூடாது. கூடுதல் டோஸ் அடிக்கடி தேவைப்பட்டால் வழக்கமான டோஸ் போதவில்லை என்று பொருள், உங்களை அழைக்கச் சொல்லுங்கள்.

நடு இரவு டோஸுக்காக இருவரும் எழாமல் இருக்க, படுக்கும் நேரத்தில் இரண்டு டோஸைச் சேர்த்துக் கொடுக்கலாம், அல்லது 12 மணி நேரம் வேலை செய்யும் மாத்திரைக்கு மாற்றலாம். பராமரிப்பவரின் இரவை மீட்டுத்தர இவ்வளவு எளிய வழி வேறில்லை. சிறுநீரகம் பழுதானவருக்கும் மிகவும் தளர்ந்த முதியவருக்கும் இரட்டை டோஸ் பொருந்தாது. அவர்களிடம் மார்ஃபினின் கழிவுப்பொருள்கள் உடலில் தேங்கி, அளவுக்கு மீறிய தூக்கமும் தசைத் துடிப்பும் வரும்.

வீடுகளில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை:

திரவ மார்ஃபின் வெவ்வேறு செறிவுகளில் வருகிறது. ஒன்றில் 5 மி.லி.யில் 10 மி.கி., இன்னொன்றில் 1 மி.லி.யிலேயே 20 மி.கி. பாட்டில் மாறி, பழைய மி.லி. கணக்கிலேயே ஊற்றினால் பத்து மடங்கு போய்விடும். ஆகவே மி.கி., மி.லி. இரண்டையும் எழுதுங்கள், ஊசியில்லாத சிரிஞ்சில் அந்த அளவில் அழியாத மையால் கோடு போட்டுக் கொடுங்கள், பாட்டில் மாறும் ஒவ்வொரு முறையும் உங்களிடம் காட்டச் சொல்லுங்கள். மெதுவாகக் கரையும் மாத்திரையை விழுங்க முடியவில்லை என்று பொடித்துக் கொடுத்தால் 12 மணி நேர மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். தோலில் ஒட்டும் வலி மருந்தான ஃபென்டனில் பேட்ச்சை 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பழையதைக் கழற்றாமல் புதியதை ஒட்டுவதும், அதன்மேல் சூடான ஒத்தடம் வைப்பதும் ஆபத்து. புதிதாக ஒட்டிய பேட்ச் முழுமையாக வேலை செய்ய 12 முதல் 24 மணி நேரம் ஆகும். அதுவரை வலிக்கு வேறு மருந்து கையில் இருக்க வேண்டும். கழற்றியதை ஒட்டும் பக்கம் உள்ளே வருமாறு மடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாதபடி அப்புறப்படுத்த வேண்டும், ஏனென்றால் அதில் இன்னும் மருந்து மிச்சம் இருக்கும்.

மார்ஃபின் எழுதும் அதே சீட்டில் மலமிளக்கியும் எழுதுங்கள். குமட்டல் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள்ளும், தூக்கக் கலக்கம் சில நாள்களிலும் அடங்கும். மலச்சிக்கல் மட்டும் அடங்கவே அடங்காது. இதைச் சொல்லாமல் விட்டால், மூன்றாம் நாள் வயிறு உப்பியதும் பராமரிப்பவர் மார்ஃபினைத் தானாகவே நிறுத்திவிடுவார்.

எல்லா மருந்துகளையும் ஒரே தாளில் எழுதுங்கள்: பெயர், எதற்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு, ஒரு வேளை விட்டுப்போனால் என்ன செய்வது. எழுதி முடித்ததும் அவரையே திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். இனித் தேவையில்லாத மாத்திரைகளை, குறிப்பாகப் பல ஆண்டுகளுக்குப் பிறகு பயன்தரும் மருந்துகளை, நிறுத்துவதும் பராமரிப்பவருக்குச் செய்யும் உதவிதான்.

உடம்பைத் தூக்குவது, திருப்புவது, ஊட்டுவது

படுக்கையில் இருப்பவரைச் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். முழுப் பக்கவாட்டில் படுக்கவைக்காமல் முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வில் வைத்தால் இடுப்பெலும்பின் மேல் அழுத்தம் குறையும். தோளையோ அக்குளையோ பிடித்து இழுக்கக் கூடாது. நோயாளியின் அடியில் விரிப்பைக் குறுக்காக மடித்துப் போட்டு, இருவர் இரு பக்கமும் நின்று நகர்த்தினால் நோயாளியின் தோலும் கிழியாது, பராமரிப்பவரின் முதுகும் தப்பும். தனி ஆளாகத் தூக்குவதற்குத் தடை போடுங்கள். கீமோ நடக்கும் காலத்தில், ஒவ்வொரு டோஸுக்குப் பிறகும் குறைந்தது 48 மணி நேரம் சிறுநீர், மலம், வாந்தியைத் தொடும்போது கையுறை போட வேண்டும். கர்ப்பிணிகளை அந்த வேலையில் விடக் கூடாது.

சாப்பாட்டைப் பற்றித் தனியாகவே பேச வேண்டும். நோயாளி சாப்பிடாததைப் பராமரிப்பவர்கள் தங்கள் தோல்வியாக எடுத்துக்கொள்வார்கள். முற்றிய புற்றுநோயில் உடல் மெலிவது பட்டினியால் வருவது அல்ல; நோயே உடலின் வளர்சிதை மாற்றத்தைக் குலைத்துவிடுகிறது. வற்புறுத்தி ஊட்டினால் எடை கூடாது, வாந்தியும் புரையேறுதலும் சண்டையும்தான் மிஞ்சும். அவர் கேட்டதை, கேட்டபோது, நாலைந்து வாய் போதும் என்று சொல்லுங்கள். இந்த அனுமதியை ஒரு மருத்துவர் வாயால் கேட்பது அவர்களுக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்பதை அப்போது அவர்கள் முகத்தில் பார்க்கலாம்.

எப்போது அழைப்பது, யாரை அழைப்பது

"ஏதாவது ஆனா கூப்பிடுங்க" என்று சொல்லி அனுப்பினால், கூப்பிட வேண்டியபோது கூப்பிட மாட்டார்கள். பெரிய எழுத்தில், சுவரில் ஒட்டும்படி எழுதிக் கொடுங்கள்:

1. கீமோ போட்டவருக்குக் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல்: உடனே மருத்துவமனை. பாராசிட்டமால் கொடுத்துக் காலைவரை பார்க்கக் கூடாது.
2. புதிதாக முதுகுவலி, கூடவே கால் தளர்ச்சி, மரத்துப்போதல், சிறுநீர் அடைப்பு: தண்டுவடம் அழுத்தப்படலாம். அன்றே எம்ஆர்ஐ தேவை. நடை நின்றுவிட்டால் திரும்ப வருவது கடினம்.
3. கடும் தாகம், மலச்சிக்கல், திடீர்க் குழப்பம்: கால்சியம் ஏறியிருக்கலாம், இரத்தப் பரிசோதனை வேண்டும்.
4. எழுப்பினால் எழாத தூக்கம், நிமிடத்துக்கு 8-க்கும் குறைவான மூச்சு.
5. முகமும் கழுத்தும் வீங்குதல், புதிய மூச்சுத்திணறல், நிற்காத இரத்தக் கசிவு.

அடியில் பகலுக்கு ஓர் எண், இரவுக்கு ஓர் எண். இரவு எண்ணை எழுதுவதற்கு முன் அதை யாராவது எடுக்கிறார்களா என்று நீங்களே ஒருமுறை அழைத்துப் பாருங்கள். இந்தத் தாள், நோயாளி இறுதிக் கட்டத்துக்குச் செல்லும்போது மாற்றி எழுதப்பட வேண்டும். மருத்துவமனைக்குப் போக வேண்டாம் என்று நோயாளி முடிவெடுத்த பிறகும் பழைய தாள் சுவரில் இருந்தால், வீட்டார் பதறி ஆம்புலன்ஸை அழைத்துவிடுவார்கள்.

"அவருக்குத் தெரியக் கூடாது"

பல குடும்பங்கள் இதைக் கேட்கும். உடனே மறுக்காதீர்கள், ஒப்புக்கொள்ளவும் செய்யாதீர்கள். "தெரிந்தால் என்ன ஆகும்னு பயப்படுறீங்க?" என்று கேட்டு, பதிலைப் பொறுமையாகக் கேளுங்கள். பொய் சொல்ல மாட்டேன், அவர் கேட்காததை வலிந்து சொல்லவும் மாட்டேன், அவருக்கு எவ்வளவு தெரியும் என்று அவரிடமே விசாரிக்கிறேன் என்று சொல்லுங்கள். விசாரித்தால் நோயாளிக்குப் பெரும்பாலும் முன்பே புரிந்திருக்கும். வீட்டாரின் மனம் நோகக் கூடாது என்று அவரும் மறைத்துக்கொண்டிருப்பார். இந்த இரட்டை நாடகத்தில் அதிகம் களைத்துப்போவது பராமரிப்பவர்தான்.

"இன்னும் எத்தனை நாள்?" என்ற கேள்விக்கு எண் சொல்ல வேண்டாம். மாதங்கள், வாரங்கள், நாள்கள் என்ற அளவில் சொல்லுங்கள்: மாதத்துக்கு மாதம் தளர்ந்தால் மாதங்கள், வாரத்துக்கு வாரம் தளர்ந்தால் வாரங்கள். விடுப்பு எடுப்பதா, வெளியூரில் இருக்கும் தம்பியை வரச்சொல்வதா என்று முடிவெடுக்க அவர்களுக்கு இது போதும்.

குடும்பக் கூட்டம் ஒன்றைக் கூட்டுங்கள், முக்கால் மணி நேரத்துக்கு மேல் போக வேண்டாம். யார் எந்த வேலையை எந்த நாளில் எடுத்துக்கொள்வது என்று பெயர் போட்டு எழுதாமல் கலையக் கூடாது. தூரத்திலிருந்து வந்து "ஏன் இந்த சிகிச்சை கொடுக்கலை?" என்று கேட்கும் உறவினருக்கு நீங்களே பதில் சொல்லுங்கள், அந்தக் கணையைப் பராமரிப்பவர் தாங்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை. அவருடைய வேலையிடத்துக்குக் கடிதம், விடுப்புச் சான்றிதழ், உதவித்தொகைப் படிவங்கள் போன்றவற்றையும் அவர் கேட்பதற்கு முன்பே எழுதிக் கொடுங்கள். வலியையும் வேதனையையும் தணிக்கும் பாலியேட்டிவ் கேர் குழு எட்டும் தொலைவில் இருந்தால், கீமோ நடக்கும்போதே இணைத்துவிடுங்கள். கடைசி வாரத்தில் அறிமுகமாகும் குழுவால் பராமரிப்பவருக்குப் பெரிதாக எதுவும் செய்ய முடியாது.

கடைசி நாள்களும் அதற்குப் பிறகும்

என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட வீட்டில் பதற்றம் குறைவாக இருக்கும். தூக்கம் கூடும், விழுங்க முடியாது, கை கால் குளிரும், மூச்சு நின்று நின்று வரும், தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் பக்கத்தில் இருப்பவர்களைத்தான் வாட்டும், உணர்விழந்தவரை அது வருத்துவதாகத் தெரியவில்லை. பக்கவாட்டில் திருப்பினாலே பெரும்பாலும் குறையும். தண்ணீர் புகட்ட வேண்டாம், ஈரத் துணியால் வாயை நனைத்தால் போதும்.

நான்கு மருந்துகள் முன்பே வீட்டில் இருக்க வேண்டும்: வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் மார்ஃபின், பதற்றத்துக்கு மிடசோலம், குமட்டலுக்கும் குழப்பத்துக்கும் ஹாலோபெரிடால், கரகரப்புக்கு ஹயோசின் பியூட்டைல்புரோமைடு. எல்லாம் தோலடி ஊசியாக. வாய்வழி மார்ஃபினை ஊசிக்கு மாற்றும்போது அளவு பாதியாகும், 60 மி.கி. எடுத்தவருக்கு 30 மி.கி. இறப்பை யார் உறுதிசெய்வார், சான்றிதழ் யார் தருவார் என்பதையும் எழுதி வையுங்கள்.

இறந்த சில நாள்களுக்குள் தொலைபேசியில் பேசுங்கள், சில வாரங்களில் நேரில் பாருங்கள். மிச்சமான மார்ஃபினைத் திரும்ப வாங்கி விதிமுறைப்படி அழிக்க ஏற்பாடு செய்யுங்கள். பிறகு இந்தக் கேள்வியை நீங்களே எடுங்கள்: "கடைசி ஊசியை நீங்கதானே போட்டீங்க? அதனாலதான் போயிட்டாரோன்னு தோணுதா?" பலர் இதை யாரிடமும் சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் சுமக்கிறார்கள். அவர் நோயால் இறந்தார், அந்த ஊசிக்குப் பின் இன்னொரு ஊசிக்கு நேரம் வராமல் போனது, அவ்வளவுதான் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

துக்கம் நோய் அல்ல. அழுவதற்கெல்லாம் மாத்திரை எழுத வேண்டாம். ஆனால் ஆறு மாதம் கடந்தும் அன்றாட வேலைகள் நடக்காத அளவுக்கு ஏக்கமும் நம்ப மறுக்கும் நிலையும் நீடித்தால், அதை நீடித்த துக்கக் கோளாறு என்று ஐசிடி-11 வகைப்படுத்துகிறது. அமெரிக்க மனநல வகைப்பாடு பெரியவர்களுக்குப் பன்னிரண்டு மாதம் என்கிறது. அந்த நிலையில் உள்ளவரை உளவியல் சிகிச்சைக்கு அனுப்புங்கள். முன்பே மனச்சோர்வு இருந்தவர், தனியாகிவிட்டவர், ஸாரிட் மதிப்பெண் கடைசிவரை உயர்ந்தே இருந்தவர் ஆகியோரின் பெயர்களைத் தனியாகக் குறித்து, மூன்றாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் நீங்களே அழைக்க நாள்காட்டியில் இன்றே எழுதிவிடுங்கள்.